‘ஜெனரல்’ ஏன் பின்னால் நிற்கிறது?

இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரலாக 1948 முதல் 1950 வரை இருந்த ராஜாஜி, ராணுவத்தில் இருந்தவர் அல்ல. அட்டர்னி ஜெனரலுக்கும் அட்வகேட் ஜெனரலுக்கும் படையோடு சம்பந்தமில்லை. இந்தப் பதவிப் பெயர்களில் ‘ஜெனரல்’ என்பது ‘பொது’ என்று பொருள்படும் பெயரடை. அது பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் நிற்கிறது. ஆகவேதான் பலரைக் குறிக்கும்போது ‘அட்டர்னிஸ் ஜெனரல்’ என்று முதல் சொல்லில் பன்மை ஏறுகிறது. ராணுவத்தின் மேஜர் ஜெனரல்களுக்கு அப்படியில்லை. அங்கே ‘ஜெனரல்’தான் பெயர்ச்சொல்.

ஆங்கிலத்தில் பெயரடை முன்னால் வரும் என்று பள்ளியில் சொல்லித்தருகிறார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு அது உடனே பிடிபடும். நல்ல பையன், சிவப்புப் புடவை, நேற்று வந்த விருந்தாளி என்று தமிழில் எல்லாமே பெயருக்கு முன்னால்தான். ஆனால் ‘சம்திங் ஸ்பெஷல்’, ‘நத்திங் நியூ’ என்று அன்றாடப் பேச்சே அந்த விதியை மீறுகிறது. பாடம் இதைச் சில விதிவிலக்குகளாக ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறது. இழப்பு அங்கேதான்.

பதவிப் பெயர்களின் பின்னணி வரலாற்றில் இருக்கிறது. 1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரசவையிலும் பிறகு நீதிமன்றங்களிலும் பிரெஞ்சு குடியேறியது. அந்த மொழியில் பெயரடை பெரும்பாலும் பின்னால் வரும். வழக்காடுவது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று 1362இலேயே சட்டம் வந்தும், வழக்கறிஞர்கள் பழைய சொற்களைக் கைவிடவில்லை. கோர்ட் மார்ஷலும், இன்று நம்மூர்க் கோர்ட் வாசல்களில் பலகையாகத் தொங்கும் நோட்டரி பப்ளிக்கும் அந்த வழி வந்தவை.

வரலாற்றைவிட முக்கியமானது, இடம் மாறினால் பொருளே மாறும் சொற்கள். ‘சம்பந்தப்பட்ட அதிகாரி’ என்பதைத் தமிழ் வரிசையிலேயே ‘கன்சர்ன்ட் ஆபீசர்’ என்று எழுதுவது இந்திய அலுவலகங்களில் சர்வ சாதாரணம். வெளிநாட்டு வாசகருக்கு அது ‘கவலையில் இருக்கும் அதிகாரி’ என்று படலாம். அவர் எதிர்பார்ப்பது ‘ஆபீசர் கன்சர்ன்ட்’. ‘ரெஸ்பான்சிபிள் பீப்பிள்’ என்றால் பொறுப்புணர்வு உள்ளவர்கள்; ‘பீப்பிள் ரெஸ்பான்சிபிள்’ என்றால் நடந்ததற்குக் காரணமானவர்கள். விபத்துக்குப் பின் எழுதும் புகாரில் இரண்டையும் குழப்பினால், குற்றம் சாட்ட வேண்டியவருக்கு நற்சான்றிதழ் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவில் இது இன்னும் துலக்கம். பொதுவாக, அவையில் ‘மெம்பர்ஸ் பிரசென்ட் அண்ட் வோட்டிங்’, அதாவது அன்று வந்திருந்து வாக்களிக்கும் உறுப்பினர்களின் பெரும்பான்மையே தீர்மானத்தை முடிவு செய்கிறது. ‘பிரசென்ட் மெம்பர்ஸ்’ என்று மாற்றினால், தற்போது பதவியில் இருக்கும் எல்லோரும் என்றாகிவிடும். மக்களவையின் 543 இடங்களும் நிரம்பியிருக்கும் காலத்தில் 400 பேர் வந்து வாக்களித்தால், சட்டப்படி 201 ஓட்டு போதும். சொல்லை இடம் மாற்றிப் படிப்பவர் 272 கேட்பார்.

பத்தாம் வகுப்பில் ஒரு பாடவேளையை ஒதுக்கி, இந்த ஜோடிகளைக் கரும்பலகையில் அருகருகே எழுதி, எது யாரைக் குறிக்கிறது என்று மாணவர்களையே சொல்லச் செய்யலாம். விண்ணப்பமும் புகார்க் கடிதமும் எழுதப் பழகும் வயது அது.