ஐந்து ஆட்டம் உறுதி என்றால் போதும்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் நோட்ர டாம் என்றொரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உதைபந்தாட்டத்தில் அது எந்த லீக்கிலும் சேராமல் தனித்து நிற்கிறது. (அங்கே உதைபந்தாட்டம் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. நம் ஊர்க் கணக்கில் ரக்பிக்குப் பங்காளி.) சொந்த மைதானத்து ஆட்டங்களுக்கென்று 1991 முதல் தனித் தொலைக்காட்சி ஒப்பந்தம் வைத்திருக்கும் அணி அது. லீக்கில் சேர்ந்தால் அந்த வருமானத்தில் பங்கு பிரிக்க வேண்டும். சேராவிட்டால் வருடா வருடம் எதிரணி தேடி அலைய வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டார்கள். 2012இல் ஏ.சி.சி. எனப்படும் லீக்குடன் உடன்பாடு வந்தது. மற்ற விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில் முழு உறுப்பினர். உதைபந்தாட்டத்தில் மட்டும் 2014 முதல் ஆண்டுக்குச் சராசரியாக ஐந்து ஆட்டம். 2020இல் கொரோனா வந்து பல லீக்குகள் வெளியணிகளுடனான ஆட்டங்களை ரத்துச் செய்தன. அப்போது இதே லீக்தான் அந்த ஒரு பருவத்துக்கு நோட்ர டாமைத் தன் அட்டவணையில் முழுதாகச் சேர்த்துக்கொண்டது.

பணக்காரப் பல்கலைக்கழகத்தின் கணக்கு இலங்கையின் ஊவா மாகாணத்துப் பசறைக்கும் மடுல்சீமைக்கும் எதற்கு என்று கேட்கலாம். எதிரணி கிடைக்காத சங்கடம் அங்கே தோட்டப் பாடசாலைகளுக்குப் பல மடங்கு அதிகம் என்பதுதான் பதில். வலய மட்டம், மாகாண மட்டம், பிறகு அகில இலங்கை என்று ஏறும் போட்டிகளில் பெரும்பாலும் தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வாரக்கணக்கில் பயிற்சி எடுத்த பையன் ஒரே காலையில் தோற்றுவிட்டு, அடுத்த வருடம்வரை பந்துக்கும் காலுக்கும் சம்பந்தமில்லாமல் இருப்பான். முதல் சுற்றிலேயே வெளியேறும் அணிக்குத்தான் ஆட்ட அனுபவம் அதிகம் தேவை. இந்த முறை அதைத்தான் முதலில் வெளியே அனுப்புகிறது.

முழு லீக் வைத்தால் தீருமா? தீராது. லுணுகலையிலிருந்து ஓர் அணி பண்டாரவளைக்கோ வெலிமடைக்கோ வாரா வாரம் போய்வர வேண்டுமென்றால், பஸ் கூலியே பாடசாலையின் விளையாட்டுக் காசை விழுங்கிவிடும். பெண்பிள்ளைகள் அணி என்றால் இருட்டுமுன் லயத்துக்குத் திரும்பும் கவலை வேறு.

ஆகவே பாதி உறவே பொருத்தம். இலங்கையில் அதற்கு முன்மாதிரியும் உண்டு. 1945இல் தொடங்கிய பிராட்பி கேடய ரக்பியில் கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் இரண்டு ஆட்டங்கள் ஆடும், ஊருக்கு ஒன்றாக. இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் வெற்றி. ஒருவரே எப்போதும் மலை ஏற வேண்டியதில்லை என்பதுதான் அதில் பார்க்க வேண்டியது. ஊவாத் தோட்டப் பாடசாலை ஒன்று பதுளை நகரப் பாடசாலைகளோடு ஆண்டுக்கு ஐந்து ஆட்டம் என்று எழுதிவைத்துக்கொள்ளலாம். இரண்டு தன் மைதானத்தில், மூன்று நகரத்தில்.

தோட்டத்து மைதானம் எப்படிப்பட்டது என்பதையும் ஒப்பந்தத்தில் மறைக்கக் கூடாது. ஒரு கோல் கம்பம் மேட்டில், மற்றது பள்ளத்தில். பந்து தேயிலைக்குள் உருண்டால் எடுத்து வர நாலு சின்னப் பையன்கள் வரிசையாக நிற்பார்கள். நகரத்து அணி அங்கே வந்து ஆடத் தயங்கும். வரத்தான் வேண்டும், வராவிட்டால் அது ஒப்பந்தம் அல்ல, சலுகை. மைதானம் தோட்டத்துக்குச் சொந்தமென்றால் நிர்வாகத்தின் அனுமதியையும் வருடத் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். ஆட்டத்துக்கு முந்தின நாள் துரையின் பங்களா வாசலில் அதிபர் காத்து நிற்கக் கூடாது.

திகதியும் யோசித்து வைக்க வேண்டியது. ஒக்டோபர் முதல் ஜனவரிவரை ஊவாவில் மழை. ஊவாத் தேயிலைக்கு மணம் ஏற்றும் ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர் கச்சான் காற்று மைதானத்தையும் உலர்த்திவிடும். ஆட்டங்களை ஞாயிறு அல்லது போயா நாளில் வைத்தால் கொழுந்து எடுக்கும் தாயும் பார்க்க வரலாம்.

படிப்பு கெடும் என்பார்கள். வருடத்தில் ஐந்து நாளில் கெடும் படிப்பு எதுவென்று தெரியவில்லை. உண்மையான தடை, சொன்ன ஆட்டத்துக்கு வராமல் விடும் பழக்கம். அமெரிக்கக் கல்லூரி ஒப்பந்தங்களில் பின்வாங்கும் அணி இழப்பீடு கட்ட வேண்டும். இங்கே காசு வேண்டாம். வராத அணி அடுத்த ஆட்டத்தை எதிரணியின் மைதானத்திலேயே ஆடட்டும். மாகாணக் கல்வித் திணைக்களம் இதற்கென நிதி ஒதுக்கத் தேவையில்லை. பதுளை வலயத்தில் நான்கு தோட்டப் பாடசாலைகளையும் இரண்டு நகரப் பாடசாலைகளையும் முதலாம் தவணை முடிவதற்குள் ஒரு மேசையில் உட்கார வைத்தால் போதும்.