முதுகுவலி: எந்த ஸ்கேன், எந்த இடத்தில்?

நூற்பாலையில் நின்று வேலை, வயலில் குனிந்து வேலை என்றிருக்கும் நம் சோழபுரம், இராஜபாளையம் வட்டாரத்தில், முதுகுவலிக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால், உழைப்பால் வந்த வலி பெரும்பாலும் ஓய்வில் தணியும். அழற்சியால் வந்த வலி ஓய்வில் கூடி, நடமாடினால் குறையும். 45 வயதுக்கு முன் மெல்லத் தொடங்கி, 3 மாதங்களுக்கு மேல் நீடித்து, பின்னிரவில் எழுப்பிவிட்டு, காலையில் அரைமணி நேரமேனும் முதுகை விறைக்கச் செய்யும் வலியை அலட்சியம் செய்யலாகாது.

இவ்வலிக்கு ஸ்கேன் பயன்படும். ஆனால் உரிய இடத்தை உரிய முறையில் எடுத்தால்தான் பயன்படும் என்பதே எங்கள் கருத்து.

எக்ஸ்ரே, எலும்பில் ஏற்பட்டுவிட்ட சிதைவையே காட்டும். அச்சிதைவு தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். 1984ஆம் ஆண்டின் நியூயார்க் வரையறை எக்ஸ்ரேயையே சார்ந்திருந்தது. 2009இல் பன்னாட்டு வல்லுநர்கள் வகுத்த வரையறையே எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு இடமளித்தது. எலும்பு மஜ்ஜையில் அழற்சியால் சேரும் நீரை, சிதைவுக்கு முன்பே அது காட்டக்கூடும். அதில் கதிர்வீச்சு இல்லை; பெரும்பாலும் சாய ஊசியும் தேவையில்லை.

இந்நோய் பெரும்பாலும் முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோஇலியாக் மூட்டில் தொடங்குகிறது. வழக்கமான இடுப்பு முதுகு எம்.ஆர்.ஐ.யில் அம்மூட்டு முழுமையாகப் பதிவாவதில்லை. அதில் தென்படும் ‘டிஸ்க் பிதுக்கம்’ வலியே இல்லாதவர்களிடமும் சாதாரணமாகக் காணப்படுவது. எனவே, மதுரை வரை சென்று பொருள் செலவழிக்குமுன், “அம்மூட்டையும் படமெடுக்க வேண்டுமா?” என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

படமே முடிவன்று. அண்மையில் மகப்பேறு கண்ட தாய்மாரிடமும், கடும் ஓட்டப்பயிற்சி செய்வோரிடமும் அழற்சி போன்ற தோற்றம் காணப்படலாம். படம் இயல்பாக இருந்தும் நோய் இருக்கலாம். ஆகவே, கண் சிவந்து வலித்தது, தோலில் செதில் படை, நெடுநாள் வயிற்றுப்போக்கு, குடும்பத்தில் இத்தகைய நோய் ஆகியவற்றை மறவாமல் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையும் உதவும். பழைய படங்களையும் உடன் கொண்டு வாருங்கள்.

விறைத்து ஒட்டிப்போன முதுகெலும்பை மீண்டும் வளையச் செய்வது அரிது. நோயைத் தொடக்கத்திலேயே அறிந்தால், உடற்பயிற்சியும் மருந்தும் கொண்டு இளைஞர் ஒருவர் தம் வேலையையும் நிமிர்ந்த நடையையும் காத்துக்கொள்ள வழியுண்டு.