பூட்டுண்ட நா

“தஸ்பீஹ் மணி உருளுகிறது, கல்பு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது” என்று சோர்ந்து கூறும் சோதர சோதரியர் பலர். தொழில், குடும்பம், வணக்கம் எதிலும் ஓரடி நகர இயலாத இந்நிலையைச் சூஃபியாக்கள் ‘கப்ளு’ என்பர், அதாவது சுருக்கம்.

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்கே இது நேர்ந்தது, ஹிஜ்ரி 488 ரஜபில் (கி.பி. 1095), பகுதாது நிஜாமிய்யாவில் பெரும் புகழோடு போதித்துவந்த வேளையில்! பதவியைத் துறப்பதா, தொடர்வதா? காலையில் கொண்ட உறுதி மாலையில் கலைந்தது. ஏறத்தாழ ஆறு மாதங்கள் இவ்வாறே கழிந்தன. இறுதியில் நாவே பூட்டுண்டது. பாடம் சொல்ல வாய் எழவில்லை, உணவும் செரிக்கவில்லை. நோயின் வேர் உள்ளத்தில் என்று கூறி ஹகீம்கள் கைவிரித்தனர்.

பின்னர் திமிஷ்க் நகரடைந்து, பள்ளிவாசல் மினாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டுப் பகலெல்லாம் திக்ரில் தனித்திருந்தார்கள். அத்துடன் எல்லாம் தெளிந்துவிட்டதா? இல்லை. பிள்ளைகளின் அழைப்பும் வாழ்க்கைத் தேவைகளும் தனிமையைக் குலைத்தன. தெளிந்த நிலை அவ்வப்போதே வாய்த்தது. எனினும் நம்பிக்கை இழக்கவில்லை என்று அன்னாரே ‘அல்முன்கிது’ நூலில் எழுதியுள்ளார்கள். ஏறத்தாழப் பத்தாண்டுகள்! நாமோ நாற்பதாம் நாளே கணக்குக் கேட்கிறோம்.

மினாராவைத் தேடி நாம் வீட்டைவிட்டு ஓட வேண்டியதில்லை. (பிள்ளைகளின் ஜீவனத்திற்கு ஒதுக்கிவிட்டே இமாமவர்களும் புறப்பட்டார்கள்.) ஃபஜ்ருக்குப் பின் பத்து நிமிடம், ஒரே இடம், ஒரே திக்ரு போதும். கல்பு அலைந்தால் கடியாமல் மீண்டும் அழைத்து வாருங்கள். நா மட்டுமே அசையும் நாளிலும் நிறுத்தாதீர்கள். இதே குறையைச் சொன்ன முரீதிடம், உறுப்புகளில் ஒன்றையேனும் நன்மையில் ஈடுபடுத்திய அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துமாறு அபூ உஸ்மான் மஃக்ரிபீ (ரஹ்) கூறினார்கள்.

ஹிஜ்ரி 499இல் இமாமவர்கள் நீஷாப்பூரில் மீண்டும் பாடம் சொல்ல அமர்ந்தார்கள்.