இரண்டாவது ஜோடிச் சக்கரம்

தர்மபுரியில் டிராக்டர் டயர் கேட்டால் அன்றைக்கே கிடைக்கும். உற்பத்தி நின்றுபோன மொபெட்டுக்குக்கூடத் தேடினால் எங்காவது ஒரு கடையில் உதிரி இருக்கும். ஆனால், கியர் சைக்கிள் ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்கு இன்னொரு ஜோடிச் சக்கரம் வேண்டும், விலை கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். "இருக்கற வீல் நல்லாத்தானே இருக்குதுங்க, இன்னொண்ணு எதுக்கு?" என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. எதுக்கு என்பதை இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஓட்டுவது சைக்ளோகிராஸ் சைக்கிள். பெல்ஜியம், நெதர்லாந்து பக்கம் குளிர்காலத்தில் சேற்றிலும் மணலிலும் புல்தரையிலும் நடக்கும் பந்தயத்துக்காக உருவான வகை. 1950-இல் பாரிஸில் அதற்கு முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. பார்ப்பதற்கு ரேஸ் சைக்கிள் போலவே வளைந்த ஹேண்டில் பார் இருக்கும். ஆனால் ஃபோர்க்கிலும் பின்பக்கச் சட்டத்திலும் அகலமான பட்டன் டயர் நுழைய இடம் விட்டிருப்பார்கள். போட்டி விதிப்படி டயர் 33 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது. நமக்கு அந்த விதி எதற்கு? சட்டம் இடம் கொடுத்தால் 38, 40 வரை போடலாம்.

அந்தப் பந்தயம் நம் ஊரில் நடக்கவில்லை. ஆனால் அந்தச் சைக்கிளுக்கு ஏற்ற தரை நம் மாவட்டம் முழுக்கக் கிடக்கிறது. கிருஷ்ணகிரி பக்கம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 வழவழவென்று இருக்கும். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதை தார்ச் சாலை. வத்தல்மலைக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்வரை தார்தான். மேலே போய்த் தோட்டங்களுக்குள் பிரியும் வழியெல்லாம் மண்ணும் கல்லும். அரூர் பக்கம் சித்தேரி மலை, ஏரிக்கரைகள், மாந்தோப்புகளுக்கு நடுவில் ஓடும் வண்டிப்பாதை எல்லாம் அப்படித்தான். ஐப்பசி மழையில் செம்மண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். வெயில் காலத்தில் அதே பாதையில் ஜல்லியும் நெருஞ்சி முள்ளும்.

தார் ரோட்டில் பட்டன் டயர் ஓடினால் உறுமும், இழுக்கும், பட்டன்கள் சீக்கிரம் தேய்ந்து போகும். வழவழப்பான 28 மில்லிமீட்டர் டயரோடு மலைக்கு மேலே மண்ணில் இறங்கினால் முன்சக்கரம் வழுக்கிக் கொண்டுபோய்க் கீழே தள்ளும். ஒவ்வொரு முறையும் டயரைக் கழற்றி மாட்டலாமே என்பார்கள். இறுக்கமான ரிம்மில் டயரை ஏற்றிப் பார்த்தவர்களுக்குக் கட்டை விரல் வலி தெரியும். ட்யூப் இல்லாத டயர் என்றால் உள்ளே ஊற்றிய பால் போன்ற அடைப்பான் தரையெல்லாம் கொட்டும். அதனால்தான் இரண்டு ஜோடிச் சக்கரம். ஒன்றில் ரோட்டு டயர், ஒன்றில் பட்டன் டயர். அச்சை விடுவித்து மாட்டினால் சில நிமிடத்தில் வேறு சைக்கிள். ஐரோப்பாவில் பந்தயக்காரர்கள் மாற்றிக்கொள்ளச் சைக்கிளையே இன்னொன்று தயாராக வைத்திருப்பார்கள். அந்த வசதி இல்லாத சாதாரண ஆளுக்கு இரண்டாவது ஜோடிச் சக்கரம்தான் இரண்டாவது சைக்கிள். இது ஆடம்பரம் இல்லை, சிக்கனம்.

இந்தச் சிக்கனத்தைத்தான் செய்ய விடமாட்டேன் என்கிறார்கள்.

வெளியே தெரிவது ரிம்மும் போக்ஸ் கம்பியும். சைக்கிளில் பொருந்துமா என்று முடிவு செய்வது நடுவில் இருக்கும் ஹப். ரிம் பிரேக் வைத்த ரேஸ் சைக்கிளில் முன் ஹப்பின் அகலம் 100 மில்லிமீட்டர், பின் ஹப் 130 என்று பல வருடம் நிலையாக இருந்தது. கை நெம்புகோலைத் திருப்பினால் சக்கரம் கழன்றுவிடும். 2010-இல் சர்வதேச சைக்கிள் சங்கம் சைக்ளோகிராஸ் போட்டியில் டிஸ்க் பிரேக்கை அனுமதித்தது. சேற்றில் ரிம் பிரேக் பிடிக்காது என்பதால் அது நல்ல முடிவு. ஆனால் அதன் பின்னால் வந்தவை? பின் ஹப் 135 ஆனது. பிறகு சட்டத்தின் ஊடாகவே செருகும் தடித்த அச்சு வந்தது. பின்னால் 12 மில்லிமீட்டர் தடிமன், 142 அகலம். முன்னால் சில வருடம் 15 மில்லிமீட்டர் அச்சு போட்டார்கள், பிறகு அதையும் 12 ஆக்கினார்கள். சுமார் பத்து வருடத்துக்குள் ஒரே வகைச் சைக்கிளுக்கு இத்தனை அளவு. நடுவில் ஒரு வருடம் வாங்கியவன் தலையெழுத்து, அந்த வருடத்துச் சக்கரத்தையே தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அச்சு பொருந்திவிட்டால் போதுமா? பல் சக்கரம் உட்காரும் உடல் பொருந்த வேண்டும். ஷிமானோ கம்பெனியின் 8, 9, 10 கியருக்கு ஒரு நீளம். 11 கியர் ரோடு சைக்கிளுக்கு அதைவிட 1.85 மில்லிமீட்டர் கூடுதல். இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த வித்தியாசத்துக்காக ஒரு முழுச் சக்கரம் உதவாமல் போகும். ஸ்ராம் கம்பெனியின் சில கியர்களுக்கு வேறு வகை. மலிவு சைக்கிள்களில் இன்னும் மறை சுற்றி ஏற்றும் பழைய ஃப்ரீவீல். அடுத்து டிஸ்க் தகடு. ஆறு திருகு போட்டு மாட்டுவது ஒன்று, நடுவில் பல்லிட்டுப் பூட்டுவது ஒன்று. எல்லாம் சரியாக அமைந்தாலும், இரண்டு ஹப்பிலும் தகடு உட்காரும் இடம் மயிரிழை வேறுபட்டால் பிரேக் உரசும். சக்கரம் மாற்றும் ஒவ்வொரு தடவையும் பிரேக்கை நகர்த்தி வைக்க வேண்டும். தகட்டுக்கு அடியில் மெல்லிய வளையம் வைத்துச் சமன்செய்யலாம். அந்த வளையம் இங்கே எந்தக் கடையில் விற்கிறது?

ரிம்முக்கு வருவோம். இது தெரியாமல் பணத்தை இழந்தவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் ஊர்க் கருப்பு ரோட்ஸ்டர் சைக்கிளின் டயரில் 28 இஞ்ச் என்று போட்டிருக்கும். ரேஸ், சைக்ளோகிராஸ் சைக்கிள்களின் 700சி டயரையும் பலர் 28 என்றே சொல்வார்கள். முன்னதன் ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர், பின்னது 622. ஒன்றின் டயர் இன்னொன்றில் ஏறாது. 26 இஞ்ச் என்றாலோ மூன்று நான்கு விதம். மலை சைக்கிளில் 559, ஒன்றரை அகலத்தில் 584, 1 3/8 அகலத்தில் 590. அதனால் 26, 28 என்பதையெல்லாம் விட்டுவிட்டு, டயர் ஓரத்தில் சின்னதாக அச்சடித்திருக்கும் 40-622 போன்ற எண்ணைப் பாருங்கள். முதல் எண் அகலம், இரண்டாவது எண் ரிம் விட்டம். அதைத்தான் நம்பலாம்.

அந்த எண்ணைப் பார்த்தால் ஒரு நல்ல விஷயமும் புரியும். இன்றைக்குப் பையன்கள் ஓட்டும் 29 இஞ்ச் மலை சைக்கிளின் ரிம்மும் 622தான். டிஸ்க் பிரேக் வைத்த சைக்ளோகிராஸுக்கு, இரட்டைச் சுவர் உள்ள 29 இஞ்ச் ரிம் ஒன்றை எடுத்து, சரியான ஹப்பில் கட்டினால் மலிவாக ஒரு உறுதியான சக்கரம் தயார். வழி இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. அதில் போக முடியவில்லை என்பதுதான் என் ஆதங்கமே.

கட்ட ஆள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக், முன்னால் 32, பின்னால் 40 கம்பி போட்ட ரோட்ஸ்டர் சக்கரங்களைச் சின்ன வயதிலிருந்து கட்டி வருபவர். பெண்டு எடுக்கத் தனியாகக் கருவி எதுவும் கிடையாது. ஃபோர்க்கில் சக்கரத்தை மாட்டி, கட்டை விரலை ரிம்முக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றிவிட்டு, எந்த நிப்பிளை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். என் சைக்கிளைக் கொண்டுபோனபோது சொன்னார்: "ரிம்மைக் கொண்டாங்க, ஹப்பைக் கொண்டாங்க, போக்ஸ் சரியான அளவுல கொண்டாங்க. உக்காந்து கட்டித் தந்தர்றேன். பொருளே இல்லாம நான் என்னாத்தக் கட்டறது சார்?"

அவர் கேட்டது நியாயம். டிஸ்க் ஹப்பில் இடது பக்கக் கம்பிக்கும் வலது பக்கக் கம்பிக்கும் நீளம் ஒன்றாக இருக்காது. ஓரிரு மில்லிமீட்டர் குறைந்தால் நிப்பிள் பிடிக்காது; கூடினால் முனை ரிம்முக்குள் துருத்தி ட்யூபைக் குத்தும். கடையில் தொங்கும் கட்டுக் கம்பியெல்லாம் ரோட்ஸ்டருக்கு வெட்டியது. 32 துளை டிஸ்க் ஹப் தனியாக வேண்டுமென்றால் பெங்களூருக்குப் போ என்கிறார்கள், சேலத்தில் கேள் என்கிறார்கள். போய்க் கேட்டால், ஆர்டர் போட வேண்டும், முன்பணம் கட்டு, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்ற பதில். இணையத்தில் விற்பவர்கள் '700சி, டிஸ்க்' என்று மட்டும் போடுகிறார்கள். அச்சு என்ன அளவு, எத்தனை கியருக்கான உடல் என்று கேட்டால், படத்தில் இருப்பது போலவே இருக்கும் என்று பதில் வருகிறது. வாங்கித் திருப்பி அனுப்பலாம் என்றால், சக்கரத்தைக் கட்டி அனுப்பும் கூலி, பெட்டி, வழியில் நசுங்கினால் யார் பொறுப்பு என்ற சண்டை. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. மனதார வரவேற்கிறேன். ஆனால் பொருளே கடைக்கு வராதபோது வரிக்குறைப்பு எங்கள் கைக்கு எப்படி வந்து சேரும்?

கடைசியில் கடைக்காரர்கள் கையில் இருப்பதைக் காட்டுவார்கள்: 24 கம்பிகளோ அதற்கும் குறைவாகவோ போட்ட, எடை குறைந்த, விலை கூடிய சக்கரம். இருநூறு கிராம் குறைவு என்று பெருமையாகச் சொல்வார்கள். வத்தல்மலை ஏறும் எனக்கு இருநூறு கிராம் ஒரு பொருட்டே இல்லை. சித்தேரி பக்கம் ஒரு கம்பி அறுந்தால் வீடு வந்து சேர முடியுமா என்பதுதான் என் கேள்வி. 32 கம்பிச் சக்கரத்தில் ஒன்று அறுந்தால் லேசாகக் கோணும், மெதுவாக ஓட்டி வந்துவிடலாம். குறைந்த கம்பிச் சக்கரத்தில் ஒன்று போனாலே ரிம் போய்ச் சட்டத்தில் உரசும். அந்தக் கம்பியும் வளைவு இல்லாத நேர்க்கம்பியாக இருந்தால் இந்த மாவட்டத்தில் மாற்று கிடையாது. நிப்பிள் பித்தளையாக இருக்க வேண்டும்; அலுமினியம் என்றால் சில மழைக்காலத்தில் அரித்து, சாவி வைத்தால் உருண்டுபோகும். ஹப்பில் கோனும் பால்ஸும் இருந்தால் எந்த டவுன் கடையிலும் கிரீஸ் போட்டுத் தருவார்கள். மூடிய பேரிங் என்றால் அதன் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். வழக்கமான எண்ணாக இருந்தால் மோட்டார் பேரிங் விற்கும் கடையிலேயே கிடைத்துவிடும். இப்படி ஒரு முரட்டுச் சக்கரத்தைக் குறைந்த விலையில் செய்து விற்பதற்கு விண்வெளி விஞ்ஞானமா வேண்டும்?

நான் ஒருவன் வீக்எண்ட் ஓட்டத்துக்காகப் புலம்புகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கல்லூரிக்கும் சிப்காட்டுக்கும் டிஸ்க் பிரேக் வைத்த 29 இஞ்ச் சைக்கிளில் போகும் பையன்கள் எத்தனை பேர். குழியில் விட்டு ரிம் நெளிந்தால் அவர்கள் கதியும் இதுதான். முழுச் சக்கரம் கிடைக்காமல், கிடைத்தாலும் ஹப் பொருந்தாமல், நல்ல சைக்கிள் வீட்டுக்குப் பின்னால் மழையில் நிற்கிறது. தமிழ்நாட்டில் 2001-02இல் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் கிராமம் கிராமமாக நிலைத்ததற்கு ஒரு காரணம், அந்தச் சைக்கிளின் ரிம், ஹப், ஃப்ரீவீல் எல்லாம் எந்த ஊர்ச் சின்னக் கடையிலும் இருப்பவை என்பது. சித்தேரியில் சக்கரம் நெளிந்தாலும் அரூரில் சரியாகும். அந்த எளிமையை விலை உயர்ந்த சைக்கிளில் இழந்துவிட்டோம். கூடக் காசு கொடுத்தவனுக்குக் குறைவான பாதுகாப்பு என்பது எந்த ஊர் நியாயம்?

1949-இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் வந்தது. 1956-இல் லூதியானாவில் ஹீரோ சைக்கிள்ஸ் வந்தது. ரிம் உருட்டவும் கம்பி இழுக்கவும் ஹப் கடையவும் இந்தியாவுக்குத் தெரியாததா? 622 விட்டத்தில் 32 துளை இரட்டைச் சுவர் ரிம், ஆறு திருகு டிஸ்க் ஹப், கூடவே கம்பிகளும் அளவு வெட்டி ஒரே பெட்டியில். ஓர முனைகளை மாற்றினால் நெம்புகோல் அச்சுக்கும் தடித்த அச்சுக்கும் பொருந்தும் ஹப்புகள் உலகில் ஏற்கெனவே இருக்கின்றன. அப்படி ஒன்றைச் செய்தால் ஒரே பொருளில் பாதி சந்தைக்கு வழி கிடைக்கும். கட்டித் தர எங்கள் ஊரில் ஆள் இருக்கிறார். அவருக்கும் வேலை கிடைக்கும்.

பெரிய கம்பெனிகள் அதைச் செய்யும்வரை, சைக்கிள் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கியர் சைக்கிள் விற்கும்போது பில்லின் பின்பக்கம் நான்கு விவரம் எழுதிக் கொடுங்கள்: ரிம் விட்டம், முன் பின் அச்சின் அளவு, எத்தனை கியருக்கான உடல், டிஸ்க் மாட்டும் முறை. வாங்குபவர்களே, இந்த நான்கையும் எழுதி வாங்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.