புது வண்டியின் பழுதும் 'சபுர்' என்ற பெயரிலான மௌனமும்

புதிதாக வாகனம் வாங்கியவரை வாழ்த்த நம்மிடம் சொற்கள் ஏராளம் உண்டு. பரக்கத் வேண்டி துஆச் செய்கிறோம், இனிப்பு வழங்குகிறோம், வீட்டுப் பெரியவரை முன்னிருக்கையில் அமர்த்தி ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறோம். அதே வாகனம் நாற்பதாம் நாளில் பழுதாகி சர்வீஸ் சென்டரின் வாசலில் நிற்கும்போது மட்டும் நாம் ஊமைகளாகிவிடுகிறோம். 'கண்ணேறு பட்டுவிட்டது' என்கிறார் ஒருவர். 'நம் நஸீபு அவ்வளவுதான்' என்கிறார் இன்னொருவர். 'சபுர் செய்யுங்கள், வெளியே சொன்னால் நாளை விற்கும்போது விலை போகாது' என்கிறார் மூன்றாமவர். இம்மூன்றில் கடைசி ஆலோசனைதான் மிகவும் கொடியது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில், பழுது எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் அது தொழிற்சாலையில் தொடங்குவதில்லை. விற்பனைக் கூடத்தின் குளிரூட்டப்பட்ட அறையில், தேநீர்க் கோப்பைக்கு முன்னால் தொடங்குகிறது. ஏழு பேர் அமரும் ஓர் எஸ்.யூ.வி.யின் விலை, சாலை வரியும் காப்பீடும் சேர்ந்து இன்று 20 இலட்சம் ரூபாயைத் தொடுகிறது. பாலைவன நாடுகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்த ஒருவரின் சேமிப்பு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். அத்தகைய தொகையைக் கையில் வாங்குகிற விற்பனையாளர் கேட்டாக வேண்டிய முதற்கேள்வி, 'நாளொன்றுக்கு எவ்வளவு தூரம், எந்தச் சாலையில் ஓட்டுவீர்கள்?' என்பதாகும். இதைக் கேட்பவர் அரிது. 'டீசல் எடுங்கள் பாய், மைலேஜ் அள்ளும்' என்பதோடு அவருடைய ஆலோசனை முடிந்துவிடுகிறது.

மறைக்கப்படும் செய்தி என்னவெனில், 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தபின், டீசல் கார்களின் புகைக் குழாயில் டி.பி.எஃப். எனப்படும் கரித்துகள் வடிகட்டி இடம்பெற்றுவிட்டது. டீசல் எரியும்போது உண்டாகும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். கரி ஓர் அளவை எட்டியதும், என்ஜின் சற்று அதிகமாக டீசலைச் செலுத்திப் புகையின் வெப்பத்தை ஏறத்தாழ 600 டிகிரி வரை உயர்த்தி அக்கரியை எரித்துவிடும். இது நிறைவேற வண்டி இடைவிடாமல், சீரான வேகத்தில், பதினைந்து இருபது நிமிடங்களாவது ஓட வேண்டும். நெடுஞ்சாலையில் செல்பவருக்கு இது நடப்பதே தெரியாது. ஆனால் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, மாலையில் மதரஸாவிலிருந்து அழைத்துவந்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குச் சென்று திரும்புவதோடு நின்றுவிடும் குடும்ப வண்டிக்கு அந்த இருபது நிமிடம் ஒருபோதும் கிடைப்பதில்லை. மூன்று கிலோமீட்டரில் வீடு வந்துவிடும், என்ஜின் அணைக்கப்பட்டுவிடும், எரிப்பு பாதியில் நின்றுவிடும். எரியாத டீசல் வழிந்து என்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு ஏறும். அதன் அடர்த்தி குறையும். மசகு குன்றுவதால் டர்போவின் தாங்கிகள் தேயத் தொடங்கும். இறுதியில் முகப்புப் பலகையில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி இழுக்கும் சக்தியை இழந்து ஊர்ந்து செல்லும்.

அப்போது சர்வீஸ் சென்டரில் கிடைக்கும் விடை என்ன? 'நீங்கள் ஓட்டும் முறை சரியில்லை. இது வாரண்டியில் வராது' என்பதே. வாங்கும் நாளில் ஒரு சொல்லும் சொல்லாதவர்கள், பழுதான நாளில் கையேட்டின் பக்க எண்ணைக் காட்டுகிறார்கள்! நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் இரண்டாயிரம் கிலோமீட்டரிலேயே இந்நிலை ஏற்பட்டது. கணவர் வெளிநாட்டில், வண்டியைக் கொண்டுசென்றவர் அவருடைய மனைவி. எச்சரிக்கை விளக்கைப் பற்றி அவர் தெளிவாக விளக்கிய பின்னரும் அங்கிருந்தவர், 'சாரைப் பேசச் சொல்லுங்கள் மேடம்' என்று அனுப்பிவிட்டார். சாருக்கோ அந்த வண்டியின் இருக்கையில் ஒருமுறைகூட அமரும் வாய்ப்புக் கிடைத்திருக்கவில்லை. ஓட்டுபவரின் சொல்லைக் கேட்க மறுத்துவிட்டு, ஓட்டும் முறையைக் குறை சொல்வது எந்த வகை நியாயம்?

இன்னொரு பக்கம், தேவையில்லாததைத் தலையில் கட்டும் வேலை தடையின்றி நடக்கிறது. முதல் இலவச சர்வீஸ் பெரும்பாலும் ஆயிரம் கிலோமீட்டரை ஒட்டி வரும். அதில் இலவசம் என்பது கூலி மட்டுமே; அதுவும் பலருக்குத் தெரிவதில்லை. அந்த நாளிலேயே உள்ளறைப் பளபளப்பு, வண்ணப் பாதுகாப்புப் பூச்சு, என்ஜின் கார்பன் நீக்கம் என்று பட்டியல் நீளுகிறது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய என்ஜினில் நீக்குவதற்கு என்ன கார்பன் சேர்ந்துவிட்டது என்று எவரும் கேட்பதில்லை. (அடிப்பாகத் துருத்தடுப்புப் பூச்சு மட்டும் விதிவிலக்கு. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களில் அதற்கு நியாயம் உண்டு.) 'வெளியில் எங்கேயும் கை வைத்தால் வாரண்டி போய்விடும்' என்ற மிரட்டலும் கூடவே வரும். உதிரிபாகங்களையும் பழுதுநீக்கும் கருவிகளையும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளுக்குச் சென்றது. மிரட்டலோ இன்றும் அப்படியே தொடர்கிறது.

இனி நம் பக்கம் திரும்புவோம். சபுர் என்பது அல்லாஹ்வின் சோதனையில் மனம் தளராதிருத்தல். வியாபாரியின் மோசடிக்கு வாய்மூடி உடன்படுவதற்கு அப்பெயரைச் சூட்டியது யார்? நம் ஃபிக்ஹ் நூல்கள் இதற்கு இடமளிக்கவே இல்லை. விற்கப்பட்ட பொருளில் முன்பே இருந்து, வாங்கியவருக்குத் தெரியாமல் போன குறை வெளிப்பட்டால், அப்பொருளைத் திருப்பித் தரும் உரிமை அவருக்கு உண்டு. 'கியாருல் ஐப்' என்று அதற்குப் பெயர். மத்ஹபுகள் அனைத்தும் இதை ஏற்கின்றன. அதிலும் நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபில், குறை தெரிந்தவுடன் தக்க காரணமின்றித் தாமதித்தால் அவ்வுரிமையே போய்விடும். ஹனஃபி மத்ஹபிலோ, குறையை அறிந்த பின்னரும் அதற்கு உடன்பட்டவர்போலப் பொருளைப் பயன்படுத்துவது உரிமையை இழக்கச் செய்யும். அப்படியிருக்க, ஆறு மாதம் வாய் திறவாமல் ஓட்டிவிட்டு அதைப் பொறுமை என்று சொல்லிக்கொள்வது எந்த மத்ஹபின்படி?

பால் கறக்காமல் மடியில் தேக்கி வைத்து, நிறையக் கறக்கும் பிராணி எனக் காட்டி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்தவருக்குத் திருப்பித் தரும் உரிமையையும் வழங்கினார்கள். மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடங்கில் நின்று பாட்டரி இறங்கிப்போன வண்டியைக் கழுவி மெழுகு பூசி, 'நேற்றுதான் வந்தது' என்று ஒப்படைப்பது இதிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? இதை அறிய வழியும் உண்டு. டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். பணத்தைக் கட்டி முடிப்பதற்கு முன், பகல் வெளிச்சத்தில் இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். நாமோ அந்த ஐந்து நிமிடத்தையும் மாலை அணிவித்துப் படம் எடுப்பதில் செலவிடுகிறோம்.

இப்போது அந்த மூன்றாம் ஆலோசனைக்கு வருவோம். 'சத்தமில்லாமல் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுங்கள்.' இதைச் சொல்பவர்களில் ஐவேளைத் தொழுகையாளிகளும் உண்டு. தள்ளிவிடப்படும் வண்டி எங்கே போகிறது? இன்னொரு குடும்பத்தின் வாசலுக்குப் போகிறது. அவர்களும் பிள்ளைகளைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டுதான் மலைப்பாதையில் செல்வார்கள். ஷோரூம்காரர் நமக்குக் குறையை மறைத்தது மோசடி. நாம் அடுத்தவருக்கு மறைப்பது சாமர்த்தியமா? குறையைச் சொல்லி, அதற்கேற்ப விலையைக் குறைத்து விற்பதில் தடையேதும் இல்லை. சொன்னால் விலை போகாது என்று அஞ்சுபவர், அந்தக் குறையின் விலை எவ்வளவு என்பதைத் தம் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார்.

'கோர்ட்டுக்கு அலைய நமக்கேது நேரம்?' என்பார்கள். அமெரிக்காவில் 1982இல் கனெக்டிகட் மாநிலம் தொடங்கி, மீண்டும் மீண்டும் பழுதாகும் புது வாகனத்துக்கென்றே தனிச் சட்டங்கள் வந்தன. நம் நாட்டில் அப்படியொரு தனிச் சட்டம் இல்லை என்பது உண்மையே. ஆயினும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 50 இலட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். ஷோரூம் சென்னையில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுத் தரலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. 10 முதல் 20 இலட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய். அதற்கு மேல் 50 இலட்சம் வரை 1,000 ரூபாய். கார்பன் நீக்கம் என்ற பெயரில் நாம் கொடுக்கும் தொகையைவிடக் குறைவு! அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். பல பிணக்குகள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கதவு கிரீச்சிடுகிறது, தொடுதிரை உறைகிறது என்பதற்காக முழு வண்டியையும் மாற்றித் தருமாறு கேட்டால் ஆணையம் எளிதில் இணங்காது. உற்பத்திக் குறைதான் என்று வல்லுநர் அறிக்கையால் நிறுவ வேண்டியிருக்கும். அங்கே நம் கையில் இருக்க வேண்டியது ஜாப் கார்டு. 'பிரேக் போடும்போது வண்டி இடப்பக்கம் இழுக்கிறது' என்று நாம் சொன்னால், அதிலே 'ஜெனரல் செக்கப்' என்று எழுதுவது சர்வீஸ் சென்டர்களின் பழைய வித்தை. நாம் சொன்ன குறை, சொன்ன சொற்களிலேயே, ஓடிய கிலோமீட்டரோடும் தேதியோடும் எழுதப்படும்வரை கையொப்பமிடக் கூடாது. சரிசெய்யாமல் திருப்பித் தந்தால் மின்னஞ்சலில் அன்றைக்கே எழுதிவிட வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு ஏவப்பட்ட சமுதாயம் நாம். இருபது இலட்ச ரூபாய் விவகாரத்தில் வெறும் வாய்வார்த்தையோடு திரும்பி வருகிறோம்.

நம் மஹல்லாக்களில் மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை, வழக்கறிஞர்களுக்கும் குறைவில்லை. திருமணப் பதிவேட்டையும் சந்தாப் பாக்கியையும் கவனிக்கும் ஜமாஅத், வெளிநாட்டில் இருப்பவரின் மனைவியோடு சர்வீஸ் சென்டருக்குச் சென்று ஜாப் கார்டைப் படித்துப் பார்க்க ஒரு மெக்கானிக்கை அனுப்பக் கூடாதா? அதற்குத் தனிக் கட்டடமோ நிதியோ தேவையில்லை. தள்ளிப் போடுவதற்குத்தான் நேரமில்லை: முறையீட்டுக்குச் சட்டம் தரும் அவகாசம், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டே ஆண்டுகள்.