தலைக்கு வந்தது தலைக்கவசத்தோடு போகுமா?



சென்ற திங்கள் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று பல நாள்கள் நம் மேசையை விட்டு அகலவில்லை. எழுதியவர் ஒரு தாய். அவருடைய மகன் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பணியாற்றுகின்றான். கோடை விடுமுறையில் நண்பர்களோடு பெப்பின் ஏரிக்குச் செல்வது அவன் வழக்கம். விசைப்படகு முன்னே விரைய, அதிலிருந்து வரும் கயிற்றைப் பற்றிக்கொண்டு, கால்களில் சறுக்குக் கட்டைகளை மாட்டியவாறு நீரின்மேல் நின்று செல்லும் நீர்ச்சறுக்கு அவர்களுடைய விளையாட்டு. சென்ற கோடையில் அவன் விழுந்தபோது, காலிலிருந்து கழன்ற கட்டை அவன் தலையிலேயே மோதியது. சற்று நேரம் படகில் அமர்ந்திருந்துவிட்டு, அன்று மாலையே மறுபடியும் நீரில் இறங்கினான். பின்னர் மூன்று நாள்கள் தலைவலி.

“தலைக்கவசம் அணிந்துகொள் என்றால், ‘அது கழுத்தை ஒடித்துவிடும் அம்மா, இங்கே என் நண்பர்கள் ஒருவரும் அணிவதில்லை’ என்கிறான். நான் சொல்வது சரியா, அவன் சொல்வது சரியா?” என்பதே அத்தாயின் கேள்வி.

தாயின் அச்சத்தையும் மகனின் வாதத்தையும் நாம் ஒருங்கே எடைபோட வேண்டும். இருவர் பக்கத்திலும் உண்மை இருக்கின்றது.

அம்மகன் விளையாடும் ஏரியே இவ்விளையாட்டின் பிறப்பிடம் என்பது வியப்புக்குரிய செய்தி. மிசிசிப்பி ஆறு அகன்று ஏரியாய் விரியும் அவ்விடத்தில், 1922-ஆம் ஆண்டு, ரால்ப் சாமுவேல்சன் என்னும் 18 வயது இளைஞர், பனியில் சறுக்க முடியுமானால் நீரில் ஏன் முடியாது என்று எண்ணினார். பீப்பாய்ப் பலகைகளைக் காலில் கட்டிப் பார்த்தார், மூழ்கினார். பனிச்சறுக்குக் கட்டைகளைக் கட்டினார், மீண்டும் மூழ்கினார். முடிவில் 8 அடி நீளமும் 9 அங்குல அகலமும் கொண்ட இரு பலகைகளை எடுத்து, அவற்றின் நுனிகளைத் தம் தாயின் செப்புப் பாத்திரத்துக் கொதிநீரில் இளக்கி, மேல்நோக்கி வளைத்தார். அண்ணன் படகை ஓட்ட, தம்பி நீரின்மேல் எழுந்து நின்றார். 1925-இல் கொழுப்புத் தடவிய சாய்தளத்தின் மீதேறி வானில் தாவவும் செய்தார். 1972-ஆம் ஆண்டின் மியூனிக் ஒலிம்பிக்கில் நீர்ச்சறுக்கு காட்சி விளையாட்டாக இடம் பெறும் அளவிற்கு இது வளர்ந்தது.

விளையாட்டு வளர்ந்தது போன்றே வேகமும் வளர்ந்தது. ஆடவர்க்கான வளைவோட்டப் போட்டியில் படகு மணிக்கு 58 கிலோமீட்டர் வரை செல்கின்றது; அதாவது, ஒரு வினாடிக்கு 16 மீட்டர். அந்த வேகத்தில் விழுகின்றவனை நீர் தாயின் மடிபோல் ஏந்திக்கொள்வதில்லை. களத்துமேட்டுத் தரைபோல் அறைகின்றது.

இனி மகனின் வாதத்தைக் கேட்போம். ஓடுகின்ற ஆற்றில் குடத்தின் வாயை ஓட்டத்திற்கு எதிரே காட்டிப் பிடித்தவர்கள் அறிவார்கள்: நீர் உள்ளே பாய்ந்த மாத்திரத்தில் குடம் கையைப் பிய்த்துக்கொண்டு போகும். தளர்ந்த தலைக்கவசமும் அத்தகையதே. விழும் வேகத்தில் அதன் விளிம்பினுள் நீர் புகுந்தால், அது தலையைப் பின்னுக்கு இழுக்கும். கழுத்து அந்த இழுப்பைத் தாங்க வேண்டியதாகும். ஆகவே மகன் சொல்வது வெறும் சாக்குப்போக்கு அன்று. மோட்டார் சைக்கிளுக்கு உரிய கனத்த தலைக்கவசத்தையோ, முன்விளிம்பு நீண்ட தொப்பி போன்றதையோ அணிந்து இவ்விளையாட்டில் இறங்குவது அறிவுடைமை ஆகாது.

ஆனால், பொருந்தாத செருப்பு காலைக் கடிக்கின்றது என்பதற்காக முள்ளில் வெறுங்காலோடு நடப்பார் உண்டோ? நீர் விளையாட்டிற்கென்றே செய்யப்பட்ட தலைக்கவசங்கள் உள்ளன. அவை எடை குறைந்தவை; உள்ளிருக்கும் பஞ்சு நீரை உறிஞ்சாது; புகுந்த நீர் வெளியேறத் துளைகள் உண்டு; தலையோடு ஒட்டி அமையும். சிலவற்றில் காதுமடல் மறைப்பும் உண்டு. பக்கவாட்டில் விழும்போது நீர் அறைந்து செவிப்பறை கிழியாமலிருக்க அது உதவுகின்றது. தாடைவார் இறுக்கமாய் இருக்க வேண்டும். தலையை எப்பக்கம் ஆட்டினும் கவசம் தனியே அசையலாகாது.

எப்போது அணிவது? தலை எதன்மீது மோதக்கூடும் என்று முதலில் கேட்க வேண்டும். சாய்தளத்தின் மீதேறித் தாவுகின்றவர்களுக்குப் போட்டி விதிகளே தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. படகுக்குப் பதிலாக உயரே ஓடும் கம்பிவடத்தால் இழுக்கப்பட்டு, நீரில் நிறுவிய தடைகளின்மேல் வழுக்கிச் செல்லும் இடங்களிலும் அதனை அணியச் சொல்கிறார்கள். கடினமான பொருள் எதுவும் இல்லாத பரந்த ஏரியில், படகின் பின்னே செல்கின்ற தேர்ந்தவர் பலர் அணிவதில்லை என்பதும் உண்மை. ஆயினும், கழன்ற கட்டையும் கடினமான பொருளே அன்றோ? ஒருமுறை அதன் அடியை வாங்கிய தலைக்குப் பொருத்தமான கவசம் வேண்டும் என்றே நாம் சொல்வோம். அந்த அளவில் தாயின் பக்கமே நம் தீர்ப்பு.

ஆனால், அன்புச் சகோதரியே, தீர்ப்பு இத்துடன் முடியவில்லை. ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்று நம் முன்னோர் கூறுவர். தலைக்கவசத்தைப் பற்றி அவ்வாறு உறுதி கூற இயலாது. தோல் கிழிவதையும் மண்டையோடு உடைவதையும் அது பெரிதும் தடுக்கும். தலை திடீரென்று உலுக்கப்படும்போது, மண்டையோட்டினுள்ளே மூளை அசைந்து அடைகின்ற அதிர்ச்சியை அது முற்றிலும் தடுக்காது. தலை எதன்மீதும் மோதாமல், நீரில் அறையப்பட்டாலே அந்த அதிர்ச்சி நேரக்கூடும்.

எனவே, உங்கள் மடலில் நம்மை உறங்கவிடாத சொல் ‘தலைக்கவசம்’ அன்று. ‘அன்று மாலையே மறுபடியும்’ என்பதே. தலையில் அடிபட்டபின் தலைவலி, மயக்கம், குமட்டல், குழப்பம், பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால், அன்று விளையாட்டு முடிந்தது என்று பொருள். மருத்துவர் பார்த்து இசைவு தரும் வரை நீரில் இறங்கலாகாது. தலைவலி மிகுந்தாலும், மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தாலும், எழுப்ப முடியாதபடி உறக்கம் அழுத்தினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். முதல் அடி ஆறுமுன் இரண்டாம் அடி படுமானால், அரிதாகவேனும் அது உயிரையே பறித்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. விழுந்தவனைக் காப்பவை அவன் தலையில் இருப்பவை மட்டுமல்ல. உடலோடு பொருந்திய உயிர்காப்புச் சட்டை தலைக்கவசத்திற்கும் முந்தியது. நினைவிழந்தவனை அதுவே மிதக்கச் செய்யும். படகோட்டி முன்னே பார்க்க வேண்டியவர்; ஆதலால் பின்னே வருகின்றவனை மட்டும் கவனிப்பதற்கு மற்றொருவர் படகில் இருத்தல் வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இதனைச் சட்டமே வற்புறுத்துகின்றது. விழுந்தவன் கையை உயர்த்தி ‘நலமே’ என்று குறி காட்ட வேண்டும். குறி இல்லையேல் படகு உடனே திரும்ப வேண்டும். அவனை ஏற்றும்போது விசை நிறுத்தப்பட்டிருக்க வேண்டும், சுழலும் விசிறி எவர் தலையையும் அறியாது.

தாயே, உங்கள் மகனுக்கு எழுதும்போது “அணிந்துகொள்” என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். “யார் உன்னைக் கவனிக்கிறார்கள்? அடிபட்டால் உன்னைக் கரையேற்றி அமர்த்தும் நண்பன் யார்?” என்றும் கேளுங்கள்.

தம்பி, உன் அன்னை இம்மடலை உனக்கு அனுப்புவார் என்று அறிவோம். கழுத்தைப் பற்றி நீ சொன்னது மெய். ஆகையால் கழுத்தை இழுக்காத கவசத்தைத் தேடி வாங்கு. நண்பர்கள் நகைத்தால் நகைக்கட்டும். மறுமுறை தலையில் அடிபட்டால், நலமாய் இருப்பதாகத் தோன்றினாலும் அன்றைய கயிற்றை மற்றவர் கையில் கொடுத்துவிட்டுக் கரையில் உட்கார். ஏரி அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.

அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம்.