திறப்புக்கு என்ன குறை?

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கதைகளைக் கொண்டுவரும் நம்மவர்களிடையே விசித்திரமான ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. ஆங்கில மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் அப்படியே தமிழில் இறக்குகிறார்கள். நம் வீடுகளில் புழங்கும் சொல்லையோ "இலக்கியத் தமிழ் அல்ல" என்று வெட்டுகிறார்கள். இதைச் சொன்னால் சிலர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

கண்டியைப் போர்த்துக்கேயர் நிலையாக ஆண்டதில்லை. 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொறுவையிலும் அவர்களது படைகள் அழிந்தன. 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து அவர்கள் முஸ்லிம்களை விரட்டியபோது கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் தந்து, சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். இவ்வளவுக்குப் பிறகும் அவர்களது சொற்கள் மலையேறி வந்துவிட்டன. கன்னொறுவையில் அவர்களை முறியடித்த இரண்டாம் இராஜசிங்கனே ஒல்லாந்தருக்குப் போர்த்துக்கேய மொழியில்தான் கடிதம் எழுதினான்.

கதிரை, மேசை, விறாந்தை, அலுமாரி, சப்பாத்து, துவாய், பாண், அலவாங்கு எல்லாம் அப்படி வந்தவை. இவற்றைத் தமிழாக்க எந்தக் கலைச்சொற் குழுவும் கூடவில்லை. தச்சனும் கொல்லனும் பாண் போடுகிறவனும் வீட்டுப் பெண்களும் காதால் கேட்டு வாயால் திருத்திக்கொண்டார்கள். 'கதெய்ரா' கதிரை ஆனது, 'மேஸா' மேசை ஆனது, 'வரண்டா' விறாந்தை ஆனது. கடைசியில் ஓர் ஐகாரம் போட்டுச் சொல்லை வீட்டுக்குள் எடுத்துவிட்டார்கள். பக்கத்துச் சிங்கள வீட்டிலும் அல்மாரியவும் சப்பத்துவும் பானும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் இப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். போர்த்துக்கேயர் நம்மை மூர் இனத்தவராகக் கண்டு சூட்டிய பெயர் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. தமிழில் நம் முன்னோர் தம்மை மூர் என்று எழுதவில்லை; சோனகர் என்ற பழைய தமிழ்ச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். எதை வாங்குவது, எதை விடுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

என் அனுபவம் ஒன்று. நான் மொழிபெயர்த்த கதை ஒரு சஞ்சிகையில் வந்தபோது கதிரை எல்லாம் நாற்காலியாகியிருந்தது. கேட்டேன். கதிரை போர்த்துக்கேயச் சொல்லாம், நாற்காலிதான் தூய தமிழாம். சரி, இருக்கட்டும். ஆனால் அதே பக்கத்தில் நான் எழுதிய 'திறப்பு' சாவியாகியிருந்ததே! திறப்பது திறப்பு. அதைவிடத் தூய தமிழ் எங்கே கிடைக்கும்? சாவிதான் போர்த்துக்கேயரின் 'ஷாவே'. ஆக, பிரச்சினை தூய்மை அல்ல. சென்னையில் எழுதுவது தமிழ், கண்டியில் பேசுவது கொச்சை என்ற தாழ்வு மனப்பான்மைதான். அந்தக் கதையில் உம்மா அம்மாவாகாமல் தப்பியதே பெரிய காரியம்.

இப்படி வீட்டுச் சொல்லில் கத்தி வைக்கிறவர்கள் ஆங்கில மரபுத்தொடரைக் கண்டால் கைகட்டி நிற்கிறார்கள். பொருளைப் பார்க்காமலே வாங்குவதை ஆங்கிலத்தில் சாக்குக்குள் இருக்கும் பன்றியை வாங்குவது என்பார்கள். கண்டி வியாபாரி ஒருவரைப் பற்றிய ஆங்கிலக் கதையைத் தமிழாக்கியவர், அந்த ஹாஜியாரைச் சாக்கோடு பன்றி வாங்க வைத்துவிட்டார்! "கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட்டார்" என்றால் முடிந்தது. பன்றியிறைச்சி உண்ணும் போர்த்துக்கேயர்கூட இந்த இடத்தில் பன்றியைச் சொல்வதில்லை. சாக்கில் கட்டிய டேர்னிப் கிழங்கை வாங்குவது என்கிறார்கள். ஆங்கிலேயன் ஒரு கல்லால் இரண்டு பறவைகளைக் கொல்கிறான், போர்த்துக்கேயன் ஒரே தடியடியில் இரண்டு முயல்களைக் கொல்கிறான், நமக்கோ ஒரு கல்லில் இரண்டு மாங்காய். ஆங்கிலத்தில் பூனையும் நாயுமாகப் பெய்யும் மழை போர்த்துக்கேயத்தில் குடம் குடமாகக் கொட்டுகிறது. பிங்கா ஓயா பெருகி அக்குறணைக் கடைகளுக்குள் தண்ணீர் ஏறுகிற மழையைப் பார்த்தவனுக்கு வானம் பொத்துக்கொண்டது என்று எழுத யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பொருளின் பெயர் பொருளோடு வரலாம். மரபுத்தொடர் அப்படி வராது. அது ஒரு சமூகம் தன் தோட்டத்தையும் சந்தையையும் அடுப்படியையும் பார்த்துச் செய்துகொண்டது. அதை மொழிபெயர்ப்பது என்றால் நம் தோட்டத்துக்குப் போய் நம்முடையதைப் பறித்து வருவதுதான். மார்க்க விடயத்திலேயே நம் முன்னோர் இதைச் செய்து காட்டினார்கள். ஸலாத்தைத் தொழுகை என்றார்கள், ஸவ்மை நோன்பு என்றார்கள், மஸ்ஜிதைப் பள்ளி என்றார்கள். ஈமானுக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. அல்லாஹ்வின் கட்டளையைச் சொல்லவே போதுமாயிருந்த தமிழ், ஓர் ஆங்கிலச் சிறுகதைக்குப் போதாமல் போய்விட்டதா?

"கதிரை, திறப்பு என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகனுக்கு விளங்காது" என்பார்கள். கடைசியாக மிஞ்சும் வாதம் எப்போதும் இதுதான். ஜெயகாந்தனின் சென்னைச் சேரிப் பேச்சை அகராதி இல்லாமல் நாம் வாசித்தோம். தோப்பில் முஹம்மது மீரானின் கன்னியாகுமரி முஸ்லிம் வழக்கை வாசித்தோம். அவரது 'சாய்வு நாற்காலி' 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றபோது அதை நம்மவரின் வெற்றியாகவே கொண்டாடினோம். சாய்மனைக் கதிரை என்று தலைப்பை மாற்றித் தாருங்கள் என்று கண்டியிலிருந்து எவரும் அவருக்குக் கடிதம் போடவில்லை.